பழைய ஆக்‌ஷன், புதிய பேரல்: மூன்று கஸ்டம் ரைஃபிள்களின் நீண்டகால அனுபவம்

கஸ்டம் ரைஃபிள் கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் தோட்டாவில்தான் தொடங்குகிறார்கள். இந்தத் தோட்டா பிடித்திருக்கிறது, அதற்கு இந்தப் பேரல், இந்த ஸ்டாக் என்று போய், ஆக்‌ஷன் (பேரலின் பின்முனையைப் பூட்டும் போல்ட்டும், அதைத் தாங்கும் ரிசீவர் என்ற எஃகுக் கூடும்) மட்டும் மலிவாகக் கிடைத்ததாக இருக்கும். நான் எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தேன். கையில் இருக்கும் ஆக்‌ஷன் எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும் தோட்டாவைத் தேர்ந்தேன். அப்படிக் கட்டிய மூன்று ரைஃபிள்களைப் பல வருடமாகச் சுட்டு வருகிறேன். ஒன்று ஸ்வீடிஷ் 96 ஸ்மால் ரிங் (ரிசீவரின் முன்வளையம் மெலிந்த) மவுசர், 6.5×55. இரண்டாவது லார்ஜ் ரிங் (முன்வளையம் தடித்த) மவுசர் 98, 7×57. மூன்றாவது இக்கால 4140 எஃகு ஆக்‌ஷன், முதலில் .308 வின்செஸ்டர், இப்போது 6.5 கிரீட்மூர். மூன்றிலும் பேரல் வேலையைச் செய்தது தேர்ந்த கன்ஸ்மித் (துப்பாக்கிக் கைவினைஞர்). நான் சுட்டேன், அளந்தேன், குறித்து வைத்தேன்.

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்காவின் சாமி அமைப்பு .308-க்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). 7×57-க்கு 51,000. பழைய கையேடுகளில் இதே .308-க்கு 52,000 என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "அட, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, என் பழைய 7×57 ஆக்‌ஷனே போதும்" என்று சொன்னவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அந்த 52,000 என்பது சி.யு.பி., அதாவது செப்புத் துண்டு எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்து அளந்த பழைய அலகு. அதே அலகில் 7×57-க்கு 46,000. ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சூத்திரமும் கிடையாது: 7×57-ல் இரண்டு அளவுக்கும் இடையே 5,000 வித்தியாசம், .308-ல் 10,000. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்யும் சி.ஐ.பி. அமைப்பு அதே 7×57-க்கு 3,900 பார் வரை அனுமதிக்கிறது. அது சுமார் 56,500 பி.எஸ்.ஐ. அளக்கும் முறை வேறு என்பது ஒரு காரணம். பழைய, வலுக்குறைந்த ரைஃபிள்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் சாமி கொஞ்சம் அடக்கி வைத்திருக்கிறது என்பதும் காரணம். ஆக, ஒரு தோட்டாவின் அழுத்த வரம்பு வெறும் இயற்பியல் கணக்கில் வருவதில்லை. அதைச் சுடப்போகும் மிகப் பலவீனமான ஆக்‌ஷனையும் மனதில் வைத்துத்தான் வைக்கிறார்கள்.

அழுத்தம் பாதிக் கதைதான். அந்த அழுத்தம் எவ்வளவு பரப்பில் போல்ட்டைத் தள்ளுகிறது என்பது மீதிக் கதை. உறையின் அடிப்பக்க விட்டத்தை எடுத்துப் பரப்பைக் கணக்கிட்டு அழுத்தத்தால் பெருக்கினால் போல்ட்டின் மேல் விழும் தள்ளுவிசை தோராயமாக வந்துவிடும். உண்மையில் உறையின் உள்விட்டம்தான் கணக்கு, எனவே அசல் விசை இதைவிடக் குறைவு; ஒப்பிட்டுப் பார்க்க வெளிவிட்டம் போதும். .45-70, வெறும் 28,000 பி.எஸ்.ஐ., ஆனால் தடித்த உறை: இரண்டரை டன். .30-30, 42,000 பி.எஸ்.ஐ.: 2.7 டன். .223, 55,000 பி.எஸ்.ஐ., மெலிந்த உறை: 2.8 டன். அழுத்தத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம், போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் லக்குகள் உணரும் சுமையோ கிட்டத்தட்ட ஒன்றேதான். அடுத்து 7×57-ஐப் பாருங்கள்: 4 டன். .308 வந்தால் 4.9. .300 வின்செஸ்டர் மேக்னம் 6 டன். 7×57-க்கும் .308-க்கும் உறையின் அடிப்பக்கம் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் போல்ட் முகத்தைத் தொடாமலே மாற்றிவிடலாம். அந்த வசதிதான் ஆபத்து. வேலை சுலபமாக முடிந்துவிடும், ஒவ்வொரு சூட்டிலும் சுமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கும்.

என் ஸ்மால் ரிங்கை .308 ஆக்கச் சொன்னவர்கள் பலர். தோட்டா எங்கும் கிடைக்கும், வகை அதிகம் என்பது அவர்கள் வாதம். சரி, வாதம் நியாயம்தான். ஸ்பெயின் நாட்டு ராணுவமே பழைய ஸ்மால் ரிங் மவுசர்களை .308-க்கு இணையான 7.62 ராணுவத் தோட்டாவுக்கு மாற்றி எஃப்.ஆர்.-7 என்று பயன்படுத்தியிருக்கிறதே என்றும் சொன்னார்கள். அதே ராணுவம் 98 வகை ஆக்‌ஷன்களை வைத்து எஃப்.ஆர்.-8 என்று தனியாக ஒன்றைக் கட்டியது. இரண்டில் எதை வாங்குவீர்கள் என்று திருப்பிக் கேட்டால் எல்லோரும் எஃப்.ஆர்.-8 என்கிறார்கள். நான் 6.5×55-லேயே நின்றேன். அந்த ஆக்‌ஷன் பிறந்ததே அந்தத் தோட்டாவுக்காகத்தான். இதுவரை ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில், அதாவது தோட்டா அமரும் அறையில், உறை உட்கார இருக்கும் நீள இடம்) கேஜில் அசைவு இல்லை, போல்ட் கைப்பிடி முதல் நாள் போலவே எழுகிறது, உறைகளின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) குழி தளராமல் பலமுறை மறுநிரப்பலுக்குத் தாங்குகின்றன. துல்லியத்திலும் எனக்குக் குறை இல்லை.

நண்பர் ஒருவர் அதே வகை ஆக்‌ஷனை ஒரு பட்டறையில் .308 ஆக்கிக்கொண்டார். வெடிக்கவில்லை, சிதறவில்லை, முதல் வருடம் முழுக்க எங்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். அப்புறம் போல்ட்டைத் தூக்கும்போது ஒரு பிடிப்பு வந்தது. தோட்டாவின் அழுத்தம் அதிகம் போல என்று வேறு தோட்டா மாற்றினார், பிடிப்பு போகவில்லை. கேஜ் வைத்துப் பார்த்தபோது நோ-கோ (எதன் மேல் போல்ட் மூடவே கூடாதோ அந்தக் கேஜ்) மேல் போல்ட் மூடிக்கொண்டது. உள்ளே நடந்தது இதுதான்: ரிசீவரில் லக்குகள் உட்காரும் மேடை, ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக் குழியாகிவிட்டது. போல்ட்டைத் திருப்பும்போது லக் அந்தக் குழியில் இருந்து ஏறி வர வேண்டியிருந்ததால் பிடிப்பு. குழி ஆழமாக ஆக ஹெட்ஸ்பேஸ் கூடும், உறை அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே நீண்டு மெலிந்து ஒருநாள் அறுந்துபோகும். அவர் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். அந்த ரிசீவர் இப்போது சுவரில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அவருடைய உறைகள் எந்த எச்சரிக்கையும் தரவில்லை என்பது. பிரைமர் தட்டையாகவில்லை, அடிப்பக்கத்தில் எஜெக்டர் தடம் விழவில்லை. பித்தளையின் குறிகளை வைத்தே அழுத்தத்தைக் கணிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பித்தளை தன்னுடைய எல்லையைத்தான் சொல்லும், பின்னால் நிற்கும் எஃகின் எல்லையைச் சொல்லாது. வலுவான இக்கால ஆக்‌ஷனில் பித்தளை முதலில் தோற்கும், ஆகவே அதன் குறி பயன்படும். 50,000 அளவுக்குக் கட்டிய ஆக்‌ஷனில் 62,000-ஐச் சுடும்போது, பித்தளை சுகமாக இருக்கும், ரிசீவர் தேய்ந்துகொண்டிருக்கும். ஆக்‌ஷன் பலம் பற்றிய என் கருத்து எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் வருகிறது.

பழைய எஃகைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகைக் கோளாறைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மென்மை, மேலே சொன்னது. மற்றது நொறுங்கும் தன்மை. அமெரிக்க ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1903 ரைஃபிள்களில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஆலையின் 800,000-க்குக் கீழான எண்களையும், ராக் ஐலண்ட் ஆலையின் 285,507-க்குக் கீழான எண்களையும் சுடக் கூடாது என்பார்கள். காரணம், பட்டறையில் எஃகின் சூட்டை வேலையாட்கள் கண்ணால், நிறம் பார்த்து மதிப்பிட்டார்கள். பிறகு சோதித்தபோது, வெயில் அடிக்கும் நாளில் "சரியான நிறம்" என்று அவர்கள் சொன்ன சூடு, மேகமூட்டமான நாளைவிட 300 ஃபாரன்ஹீட் டிகிரி வரை அதிகமாக இருந்தது. கருகிய எஃகு நசுங்காது, நீளாது, கண்ணாடி போல் உடையும். இப்படிப்பட்ட ரிசீவரை எவ்வளவு குறைந்த அழுத்தத் தோட்டாவுக்கும் நான் எடுக்க மாட்டேன்.

மவுசர்கள் வேறு வழி. கார்பன் குறைந்த எஃகு, மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டது. உள்ளே மிருதுவாக, நெகிழ்வாக இருக்கும். மிகை அழுத்தத்தில் சிதறுவதைவிட நீண்டு கொடுக்கும். இதில் ஒரு சிக்கல். லக்குகள் இரண்டும் சமமாகத் தொட வேண்டும் என்று பளபளவெனத் தேய்த்துக்கொண்டே போனால் அந்த மெல்லிய கடினத் தோல் போய்விடும், அப்புறம் நசுங்கத்தான் செய்யும். போல்ட் கைப்பிடியை வளைக்கவும் பற்றவைக்கவும் சூடு காட்டும்போதும் லக் பக்கம் சூடு போகாமல் தடுக்காவிட்டால் இதே கதிதான். என் 98-ல் கன்ஸ்மித் கொஞ்சமே கொஞ்சம் தேய்த்தார். தொடக்கத்தில் மயிரிழை அளவு லக் மேடை நசுங்கி உட்கார்ந்தது, பிறகு நின்றுவிட்டது. அதை மேக்னம் ஆக்க ஆசைப்படாமல் 7×57-ல் வைத்ததற்கு இதுவும் காரணம். ஐரோப்பிய வரம்பில் சுட்டாலும் அதற்கு மூச்சு வாங்குவதில்லை.

98-ன் உண்மையான மேன்மை அதன் மூன்றாவது லக் என்று பலர் நினைக்கிறார்கள். அது சாதாரண சூட்டில் சுமை தாங்குவதே இல்லை, முன் லக்குகள் தோற்றால் பிடித்துக்கொள்ள இருக்கும் காவல் மட்டுமே. எனக்கு அதைவிட முக்கியம் வாயுவைக் கையாளும் விதம். உறையின் அடிப்பக்கம் கிழிந்தால், போல்ட்டின் துளைகள் வழியாக வாயு இடப்பக்கப் பள்ளத்துக்குத் திருப்பப்படுகிறது. போல்ட்டின் பின்முனையில் இருக்கும் அகன்ற தடுப்பு மீதியை முகத்தில் அடிக்காமல் விலக்குகிறது. ஸ்வீடிஷ் 96-ல் ஒரு துளை உண்டு, அந்தத் தடுப்பு இல்லை. வலு என்றால் உடையாமல் இருப்பது மட்டும் என்று நினைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. எந்த ரைஃபிளிலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் நான் சுடுவதில்லை. 96-ல் நிச்சயமாக இல்லை.

தோற்றத்தை வைத்து எடைபோடுவதும் உதவாது. ஜப்பானிய அரிசாகா டைப் 38 முரடாகத் தெரியும். ஆனால் அமெரிக்கக் கன்ஸ்மித் பி. ஓ. ஆக்லி ராணுவ ஆக்‌ஷன்களை வேண்டுமென்றே உடைத்துப் பார்த்த சோதனைகளில் மிக வலுவானதாக நின்றது அதுதான். மறுபக்கம், கிராக் ரைஃபிளின் ஆக்‌ஷன் வெண்ணெய் போல் ஓடும். 1899-ல் அமெரிக்க ராணுவம் அதன் தோட்டாவுக்கு வேகம் கூட்டியபோது அந்த ஒற்றை லக் விரிசல் விட, வேகத்தைப் பழையபடி குறைக்க வேண்டியதாயிற்று.

அதே ஆக்லி இன்னொன்றும் செய்து காட்டினார்: உலர்ந்த சேம்பரில், சரிவு குறைந்த உறை சுவரைப் பிடித்துக்கொள்வதால் போல்ட்டுக்கு வரும் சுமை வெகுவாகக் குறைகிறது. இதை ஆதாரமாக வைத்து "நேர்ச்சுவர் உறை போட்டால் பலவீனமான ஆக்‌ஷனும் தாங்கும்" என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழையில் நனைந்த தோட்டா, எண்ணெய் துடைக்காத சேம்பர், இரண்டில் ஒன்று போதும், அந்தப் பிடிப்பு போய்விடும். என் கணக்கில் அந்தப் பிடிப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பு பூஜ்யம்.

மூன்றாவது ரைஃபிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. .308-ம் 6.5 கிரீட்மூரும் ஒரே 62,000, ஏறக்குறைய ஒரே அடிப்பக்கம். தயாரிப்பாளர் இதைவிடப் பெரிய சுமைக்கே அனுமதி கொடுத்த ஆக்‌ஷன். பேரல் தொண்டை தேய்கிறது, ஆக்‌ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இக்காலத்து எஃகு என்றாலே எதுவும் செய்யலாம் என்ற அர்த்தமும் இல்லை. 6.5 கிரெண்டலுக்கும் 6 மி.மீ. ஏ.ஆர்.சி.-க்கும் சாமி 52,000-லேயே நிறுத்தியிருப்பதற்குக் காரணம் அவை ஏ.ஆர்.-15 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளின் போல்ட்டில் உட்கார வேண்டும் என்பதே; .223-க்குப் பிறந்த அந்தப் போல்ட்டில் அகன்ற அடிப்பக்கத்துக்காகச் சுவரை இன்னும் மெலிதாக்கியிருக்கிறார்கள். ஏ.ஆர்.சி.-க்கு போல்ட் ஆக்‌ஷன்களுக்கென்றே தனியாக உயர் அழுத்த அட்டவணை வெளியாகியிருக்கிறது. அதை எடுத்து ஏ.ஆர்.-ல் போடுவது தற்கொலைக்குச் சமம். இன்னொரு எல்லையில் .277 ஃபியூரி, 80,000 பி.எஸ்.ஐ.; அதற்குப் பித்தளை மட்டும் போதாமல் உறையின் அடிப்பக்கத்தை எஃகில் செய்திருக்கிறார்கள். என் மூன்றில் எதையும் அதற்கு மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

வேலை முடிந்ததும் அழுத்தச் சோதனை செய்து முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சி.ஐ.பி. முறையில் உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக வைத்துச் சுடுவார்கள். நல்ல சோதனை, நானும் மூன்றுக்கும் செய்தேன். ஆனால் அது அன்றைக்கு உடையவில்லை என்பதற்கான சான்று; ஆயிரக்கணக்கான சூட்டில் மேடை நசுங்குமா என்பதற்குப் பதில் அதில் கிடையாது. நண்பருடைய ஸ்மால் ரிங்கும் அந்தச் சோதனையில் தேறியதுதான். அதற்குப் பதில் சொல்வது கேஜ் மட்டும். கோ, நோ-கோ இரண்டையும் சொந்தமாக வாங்கி வைத்து, போல்ட்டின் உள்ளுறுப்புகளைக் கழற்றிவிட்டு, விரல் நுனியின் பலத்தில் மட்டும் மூடிப் பார்த்து, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குறித்து வைக்கிறேன். பழைய ஆக்‌ஷனை விலை பேசப் போகும்போதும் இந்த இரண்டு கேஜ்களும் பையில் இருக்கும். விற்பவர் அதைச் செருகிப் பார்க்க விடவில்லை என்றால் பேச்சு அத்துடன் முடிந்தது.