கிளவுட் பலகைக்கு இரண்டாவது பூட்டு: செயலியா, சாவியா?

கிளவுட் சர்வர்களை நிர்வகிக்கும் இணையப் பலகையில் நுழைய, கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். எதை எடுப்பது? எஸ்எம்எஸ் ஓடிபியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உங்கள் எண்ணை வேறொருவர் ஏமாற்றித் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டால் ஓடிபியும் அவர் கைக்கே போகும். மீதி இரண்டு: ஆத்தென்டிகேட்டர் செயலியில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் டிஓடிபி எண், வெப்ஆத்தன் என்ற பிரவுசர் உள்நுழைவு முறையில் இயங்கும் யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி.

ஃபிஷிங்கை, அதாவது போலித் தளம் காட்டி ஏமாற்றுவதை, தடுப்பதில் சாவிதான் மேல். அது தளத்தின் பெயரோடு பிணைந்தது, போலித் தளத்தில் வேலை செய்யாது. சர்வரில் இருப்பதும் பொதுச்சாவி மட்டுமே; அது கசிந்தாலும் அதை வைத்து நுழைய முடியாது. டிஓடிபியில் போலிப் பக்கம் ஆறு இலக்க எண்ணை வாங்கி, அந்த நொடியே அசல் தளத்தில் போட்டுவிட முடியும்.

இது தெரிந்தும் நாங்கள் எடுத்தது டிஓடிபி. காரணம் ஒன்றே: எல்லாம் படுத்துவிட்ட நாளில்தான் நிர்வாகப் பலகை அவசியம் தேவை. தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் போனால் ஐபி முகவரியில் நுழையப் பார்ப்போம். வெப்ஆத்தன் ஐபி முகவரியை ஏற்காது, டொமைன் பெயரும் எச்டிடிபிஎஸ்ஸும் வேண்டும். நம் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயரையும் ஐபி முகவரியையும் இணைக்கும் ஒரு வரி சேர்த்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் நள்ளிரவில் அது யாருக்கு நினைவுக்கு வரும்? பின்னால் டொமைனை மாற்றினால் எல்லாரும் சாவியை மறுபடி பதிய வேண்டும். டிஓடிபிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கட்டளை வரியிலும் எண்ணைத் தட்டலாம்.

அதற்கு வேண்டியது சரியான நேரம். சர்வர் கடிகாரம் ஒரு நிமிடம் விலகினாலே சரியான எண்ணும் தவறாகிவிடும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபியைக் கண்காணிப்பில் வையுங்கள். முன்னும் பின்னும் ஒரு 30 நொடிப் படியை ஏற்றால் போதும், அதற்கு மேல் தளர்த்த வேண்டாம். ஒருமுறை ஏற்ற எண்ணை மறுபடி ஏற்கக் கூடாது என்பது டிஓடிபியின் தர ஆவணமான ஆர்எஃப்சி 6238-இலேயே இருக்கிறது. ஐந்து தவறுக்குப் பின் கொஞ்ச நேரம் பூட்டுங்கள். எண்ணைக் கணக்கிட செயலியும் சர்வரும் பகிர்ந்துகொள்ளும் ரகசியம் ஆளுக்கொரு 20 பைட் இருந்தால் போதும். எஸ்எச்ஏ-1 ஹாஷ் முறை, ஆறு இலக்கம், 30 நொடி என்ற இயல்பு அமைப்பை மாற்றாதீர்கள்; பதியும்போது ஸ்கேன் செய்யும் கியூஆரில் வேறு மதிப்பு தந்தாலும் அதைக் கண்டுகொள்ளாத செயலிகள் உண்டு. பயனர் ஒரு சரியான எண்ணைத் தட்டிக் காட்டும் வரை சரிபார்ப்பைக் கட்டாயமாக்க வேண்டாம், பாதி ஸ்கேனில் விட்டவர் வெளியே மாட்டிக்கொள்வார். ரகசியங்களை மறையாக்கம் செய்து, அதன் திறவுகோலை டேட்டாபேஸுக்கு வெளியே வையுங்கள். இல்லையென்றால் ஒரு பேக்கப் கசிந்தாலே எல்லோருடைய எண்ணையும் கணக்கிட்டுவிடலாம்.

போன் தொலைந்தால்? ஒருமுறை மட்டும் செல்லும் பத்து மீட்பு எண்கள், அசல் எண்ணைத் திரும்பப் பெற முடியாத ஹாஷ் வடிவில் சேமித்தவை. சாவி என்றால் ஆளுக்கு இரண்டு வாங்கிப் பதிய வேண்டும்.

இதெல்லாம் சில பத்துப் பேர் உள்ள குழுவுக்கான கணக்கு. பெரிய நிறுவனத்தில், உள்நுழைவைத் தனி அடையாளச் சேவையே பார்த்துக்கொள்ளும் இடத்தில், தராசு சாவியின் பக்கம் சாயலாம்.

எதை எடுத்தாலும், நிரல்கள் பலகை இல்லாமலே நேரடியாக நுழையும் ஏபிஐ வாசலைப் பாருங்கள். அங்கே வெறும் கடவுச்சொல் செல்லுமானால் பலகையில் போட்ட பூட்டு வீண். ஓப்பன்ஸ்டாக் என்ற திறந்த மூல கிளவுட் மென்பொருளில் உள்நுழைவைக் கவனிக்கும் கீஸ்டோனில் கடவுச்சொல்லும் டிஓடிபியும் சேர்ந்தே வேண்டும் என்று பயனர்வாரியாக விதிக்கலாம். ஸ்கிரிப்டுகளுக்கு பயனரின் கடவுச்சொல்லுக்குப் பதிலாக இயங்கும் அப்ளிகேஷன் கிரெடென்ஷியலைத் தனியாக, குறைந்த உரிமையோடும் காலாவதித் தேதியோடும் கொடுங்கள்.