ராயபுரமா, திருவொற்றியூரா? உப்புக்காற்றை வைத்து ஓர் அலசல்

வடசென்னையை விட்டு வெளியே போக மனமில்லாமல், கடலை ஒட்டியே வீடு தேடுகிறவர்களுக்குக் கடைசியில் இந்த இரண்டு பெயர்கள்தான் மிஞ்சுகின்றன. நாங்கள் இரண்டு ஊர்களிலும் ஏறி இறங்கிவிட்டுத் திருவொற்றியூரில் வாங்கினோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

விலையில் ராயபுரம் வெகுவாக முந்துகிறது. எங்கள் கையிலிருந்த பணத்துக்கு அங்கே ஒரு படுக்கையறை வீடும் பைக் நிறுத்த இடமும் கிடைத்திருக்கும். அதே பணத்தில் திருவொற்றியூரில் இரண்டு படுக்கையறையும் கார் நிறுத்துமிடமும் கிடைத்தன. ஆனாலும் ராயபுரம் கேட்கிற விலையை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில், கல்மண்டபம் சந்தை பக்கத்தில், விடிவதற்குள் காசிமேட்டு மீன். தமிழும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் கேட்கும். பார்சிகளின் தீக்கோயில் 1910 முதல் அங்கேதான் இருக்கிறது. தேவாலயமும் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். இப்படியான கலவையைப் புதிதாக எந்த நகர்ப்புறத்திலும் உண்டாக்கிவிட முடியாது. திருவொற்றியூரின் கலப்பு வேறு வகை. வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றிய பழைய ஊர் ஒன்று. தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்ட குடும்பங்களின் ஊர் இன்னொன்று. இப்போது வடமாநிலத்து இளைஞர்களும் சேர்ந்திருக்கிறார்கள்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு திருவொற்றியூரிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரே வண்டியில் போகலாம். ராயபுரத்தில் 1856-இல் திறந்த ரயில் நிலையம் இருக்கிறது. மெட்ரோவுக்கு வண்ணாரப்பேட்டைப் பக்கம் போக வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது உப்பு. வீடு பார்க்கப் போகிறவர்கள் விலை, சாலை, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். கடற்காற்று கட்டடத்தை என்ன செய்யும் என்று கேட்பதில்லை. காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்லக் கம்பியை எட்டுகிறது. கம்பி துருப்பிடிக்கும்போது ஊதுகிறது. ஊதும்போது மேலிருக்கும் சிமென்டைத் தள்ளி உடைக்கிறது. உடைந்த இடத்தில் இன்னும் உப்பு நுழைகிறது. இதனால்தான் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரமும், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் கனமும் கேட்கிறது. கடலுக்குத் தொலைவில், வெயில் மழை படாத இடத்துக்கு 20 மி.மீ. போதும். பழைய கட்டடங்களில் இந்தக் கனத்தை யாரும் அளந்து கட்டியதாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, உவர் ஏறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை போட்டிருந்தால் உப்பு முதல் நாளே உள்ளே உட்கார்ந்துவிடும்.

ராயபுரத்தில் நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இருபது, இருபத்தைந்து ஆண்டு வயதானவை. துறைமுகமும் மீன்பிடித் துறையும் மறைப்பதால் மொட்டை மாடியிலிருந்தும் பல இடங்களில் கடலைச் சரியாகப் பார்க்க முடியாது. உப்பு மட்டும் தவறாமல் வரும். சன்ஷேடு ஓரங்கள், மாடிப்படியின் அடிப்பாகம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகிய மூன்றையும் பார்த்தால் கட்டடத்தின் உடல்நிலை தெரிந்துவிடும். புதிதாகப் பூசிய திட்டு இருந்தால் சாவியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே கம்பி போய்க்கொண்டிருக்கிறது.

இதையும்கூடப் பழுது பார்த்துவிடலாம். ஆனால் யார் பணம் போடுவது? ஆறு வீடுள்ள கட்டடத்தில் இரண்டு உரிமையாளர்கள் வெளியூரில், ஒருவரது பங்கு வாரிசுத் தகராறில், பதிவு செய்த சங்கம் இல்லை. மூன்றாம் மாடி சன்ஷேடு இடிந்தால் அது மூன்றாம் மாடிக்காரர் பாடு என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கம்பி எல்லோருக்கும் பொது என்பதை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விடும். நான் அஞ்சியது இதற்குத்தான்.

திருவொற்றியூரில் மெட்ரோ தூண்களுக்கு மேற்கே பார்த்தோம். கடற்காற்று அங்கேயும் எட்டும்; வரும் வழியில் வீடுகளில் மோதி உப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வருகிறது. கட்டடம் புதிது, சங்கம் இருக்கிறது, பராமரிப்புக்கென்று தனிக் கையிருப்பு இருக்கிறது. ஜன்னல் கிரில்லுக்கு ஆண்டுதோறும் வர்ணம், ஏசியின் வெளிப்பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டி அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவுதல், குழாய்களுக்கு இரும்பைத் தவிர்த்தல் என்று நடத்துகிறோம். செலவு உண்டு, ஆனால் கணக்குக்குள் அடங்குகிறது. தூண்களுக்குக் கிழக்கே, அலைக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் நிலைமை வேறாக இருக்கலாம். துறைமுகம் கட்டியபின் தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமாகியது. வடக்கே கரை அரிக்கப்பட்டுக் கல் கொட்டித்தான் காக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கம் நான் வாழ்ந்ததில்லை.

திருவொற்றியூரின் பெரிய குறை காற்றுதான். சில காலைகளில் ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்திலிருந்து வரும் நெடி ஜன்னலைச் சாத்த வைக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதக் கடைசியில் எண்ணூரில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. ஆஸ்துமா உள்ள வீட்டுக்கு நான் இந்த ஊரைச் சொல்லமாட்டேன். கட்டடம் பழுதானால் பணம் கொடுத்துச் சீர்செய்யலாம், நுரையீரலை அப்படிச் செய்ய முடியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தத் தொந்தரவு இல்லாததால்தான் உப்பை முதலில் வைத்துப் பார்க்க முடிந்தது.

மறுவிற்பனையில் ராயபுரம் சீக்கிரம் போகும் என்கிறார்கள். நான் இன்னும் எதையும் விற்றதில்லை. திருவொற்றியூரில் வாங்குமுன் அது கோயிலுக்குச் சொந்தமான மனையா என்று வில்லங்கச் சான்றோடு நிற்காமல் மூலப் பத்திரம் வரை பார்க்க வேண்டும். இதில் அவசரம் கூடாது.

வீட்டில் முதியவர் இருந்து, வாராவாரம் ஸ்டான்லிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தால் ராயபுரமே சரி. அப்போதும் பத்து ஆண்டுக்குள் கட்டிய, உரிமையாளர்கள் அங்கேயே குடியிருக்கும் கட்டடமாகத் தேடுங்கள். அமையாவிட்டால் வாடகைக்கு இருந்துகொள்ளலாம். உப்பின் செலவு வீட்டுக்காரரோடு போய்விடும்.