சிபியு 12 சதவீதம், ஆனா ஆர்டர் போக மாட்டேங்குது: அப்ளிகேஷன் சர்வரை எதை வச்சு கண்காணிக்கிறது?

போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ராத்திரி ஒம்பதரை மணி இருக்கும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியால துணிக்கடை வச்சிருக்கிற அக்கா ஒருத்தவங்க கூப்டாங்க. "தம்பி, கஸ்டமருங்க எல்லாம் காசு கட்டுற எடத்துல சுத்திக்கிட்டே நிக்குதுன்னு சொல்றாங்கப்பா, என்னன்னு கொஞ்சம் பாரேன்." எங்க சின்ன டீம் கேஎல்ல பத்துப் பதினஞ்சு துணிக்கடைக்கு ஆர்டர் எடுக்குற சிஸ்டம் பண்ணிக் குடுத்துருக்கு, ஜாவா மொழி, அதுல ஸ்பிரிங் பூட்ங்கிற ஃப்ரேம்வொர்க், உள்ள வர்ற ரிக்வெஸ்ட்டை வாங்குற சர்வரா டாம்கேட், அவ்ளோதான். ஸ்கிரீனைத் திறந்து பாத்தா சிபியு 12 சதவீதம், மெமரி பாதி காலி, டிஸ்க் நல்லாருக்கு, எல்லாமே பச்சை. ரீஸ்டார்ட் பண்ணோம், பத்து நிமிஷம் ஓடுச்சு, மறுபடி அதே கதை. அக்கா கடைக்கு அந்த ஒரு ராத்திரி வியாபாரம் எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியும், அதான் இன்னும் மனசுல நிக்குது.

ராத்திரி ஒரு மணிக்குத்தான் த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும், அதாவது ஒரு ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கிற வேலையாள், அந்த நொடில எங்க நிக்குதுன்னு காட்டுற பட்டியல்) எடுத்துப் பாத்து காரணம் புரிஞ்சது. ஆர்டரை டேட்டாபேஸ்ல எழுதுற அதே டிரான்சாக்ஷனுக்குள்ளயே வெளிய இருக்கிற பேமெண்ட் சர்வருக்கும் ஒரு கால் போகுது. சாதாரண நாள்ல அரை விநாடில திரும்பிடும். அன்னைக்கு அது எட்டு விநாடி எடுத்துச்சு. அந்த எட்டு விநாடியும் டேட்டாபேஸ் கனெக்ஷனைக் கையில பிடிச்சிக்கிட்டே காத்திருக்கு. கனெக்ஷனுங்களைச் சேத்து வச்சு மாத்தி மாத்திக் குடுக்கிற ஹிக்காரி பூல்ல டிஃபால்ட்டா இருக்கிறது 10 கனெக்ஷன்தான், நாங்களும் மாத்தல. பத்தை எட்டால வகுத்தா விநாடிக்கு 1.25, அதாவது ஒரு நிமிஷத்துக்கு 75 ஆர்டர்தான் உள்ள போக முடியும். மத்தவங்க எல்லாம் கனெக்ஷனுக்கு 30 விநாடி காத்திருந்துட்டு எரர் வாங்கிட்டுப் போவாங்க, அதுவும் டிஃபால்ட்தான். காத்திருக்கிற ஒவ்வொருத்தரும் ஒரு டாம்கேட் த்ரெட்டைப் பிடிச்சிருக்காங்க, டாம்கேட்ல டிஃபால்ட்டா 200 த்ரெட், விநாடிக்கு 20 பேர் வந்தாக்கூட பத்தே விநாடில 200ம் ரொம்பிடும், அப்புறம் டேட்டாபேஸே தேவைப்படாத முகப்புப் பக்கம் கூடத் திறக்காது. காத்திருக்கிறதுக்கு சிபியு வேணாம் இல்லையா, அதனாலதான் 12 சதவீதம்.

அதுக்கப்புறம் எந்த டூல் வைக்கலாம்னு டீம்ல பேச்சு வந்தப்ப நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: அந்த ராத்திரி இது இருந்திருந்தா, யாரு எதுக்காகக் காத்திருக்காங்கன்னு நமக்கு எவ்ளோ நேரத்துல சொல்லிருக்கும்? நாலு வழியைப் பாத்தோம், நாலையும் அதே கேள்விலதான் அளந்தேன், இங்கயும் அப்படியே சொல்றேன்.

முதல்ல ஸாபிக்ஸ்ங்கிற கண்காணிப்பு டூல், ஏன்னா எங்ககிட்ட ஏற்கனவே இருந்தது அதுதான், அந்தப் பச்சை ஸ்கிரீனும் அதோடதுதான். லாட்வியாக்காரர் அலெக்ஸெய் விளாடிஷெவ் 1998ல ஆரம்பிச்சு 2001ல வெளியிட்டது, இன்னைக்கும் நல்லா ஓடுது. நான் அதைக் குறை சொல்ல வரல, நாங்க வச்ச விதம்தான் குறை. மெஷின்ல ஏஜெண்ட் போட்டு லினக்ஸ் டெம்ப்ளேட்டை மாட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு விட்டுட்டோம், அது மெஷினைப் பாத்துச்சு, அப்ளிகேஷனைப் பாக்கவே இல்ல. டாம்கேட் உள்ளுக்குப் போகணும்னா ஜாவா கேட்வேன்னு தனியா ஒண்ணு ஓட்டி ஜேஎம்எக்ஸ் (ஜாவா தன் உள் நம்பருங்களை வெளிய காட்டுற வசதி) வழியா கேக்கணும். இங்க எல்லாரும் மாட்டுற ஒரு எடம் இருக்கு, ஜேஎம்எக்ஸ் போர்ட்டைத் திறந்தா மட்டும் பத்தாது, அது பயன்படுத்துற ஆர்எம்ஐங்கிற தொடர்பு முறை தனியா இன்னொரு போர்ட்டை இஷ்டத்துக்கு எடுத்துக்கும், ஃபயர்வால்ல அடைபட்டுப் போகும், அதனால ரெண்டுத்தையும் ஒரே போர்ட்டுன்னு ஜாவா ஆப்ஷன்ல எழுதிடணும், பாஸ்வேர்டு இல்லாம அதை எப்பவும் திறக்கக் கூடாது. இவ்ளோ பண்ணா பிஸியா இருக்கிற த்ரெட் எத்தனைன்னு வரும் (ஸ்பிரிங் பூட்ல அதுக்கும் ஒரு செட்டிங் வேணும், கீழ சொல்றேன்). ஹிக்காரி பூல் மட்டும் அப்பவும் வராது, அதுல எம்பீன் (ஜேஎம்எக்ஸ்ல நம்பரைக் காட்டுற பொருள்) ரெஜிஸ்டர் பண்றது டிஃபால்ட்டா ஆஃப், ஆன் பண்ணி, எதைப் படிக்கணும்ங்கிற ஐட்டத்தை ஸாபிக்ஸ்ல நாமளே எழுதணும். ரெஸ்பான்ஸ் டைம்னு பாத்தா டாம்கேட் ஜேஎம்எக்ஸ்ல குடுக்கிறது மொத்த நேரம், மொத்த ரிக்வெஸ்ட் எண்ணிக்கை, அதிகபட்சம், இந்த மூணுதான். இதுல சராசரிதான் போட முடியும். நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு 50 மில்லிசெகண்ட், பத்து பேருக்கு 8 விநாடின்னா சராசரி ஒரு விநாடிக்கும் கீழதான் காட்டும், அந்தப் பத்துப் பேருதான் காசு கட்டுறவங்க.

ஆனா ஸாபிக்ஸை விட்டுடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி ஐடில இருக்கிற நண்பர் ஒருத்தர் அதை வச்சு ஸ்விட்ச், யூபிஎஸ், பிரிண்டர், சர்வர்னு எல்லாத்தையும் எஸ்என்எம்பிங்கிற நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கிற முறைல பாக்குறாரு, பினாங்கு போனப்ப அவர் ஸ்கிரீனை உக்காந்து பாத்தேன், அந்த வேலைக்கு அதை அடிச்சிக்க ஆளில்ல. மெயின்டெனன்ஸ் நேரத்துல அலர்ட்டை அடக்கி வைக்கிறது, அஞ்சு நிமிஷத்துல ஒருத்தரும் பாக்கலன்னா அடுத்த ஆளுக்கு அனுப்புறது, டெலிகிராம், எல்லாம் உள்ளயே இருக்கு.

ரெண்டாவது ப்ரோமீதியஸும் (நம்பரைச் சேத்து வைக்கிறது) கிராஃபானாவும் (அதைக் கிராஃபாக் காட்டுறது). சவுண்ட்க்ளவுட் கம்பெனிக்குள்ள 2012ல பொறந்தது ப்ரோமீதியஸ், 2016ல குபர்னெட்டிஸுக்கு அடுத்த ரெண்டாவது ப்ராஜெக்டா சிஎன்சிஎஃப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் அமைப்புல சேந்துச்சு. சர்வர் ஒரு பக்கத்துல நம்பரை எழுதி வைக்கும், ப்ரோமீதியஸ் நேரத்துக்கு நேரம் வந்து படிச்சிட்டுப் போகும், வேலை அவ்ளோதான். ஸ்பிரிங் பூட்காரங்களுக்கு இது ரொம்ப சுலபம், உள்நிலவரத்தைக் காட்டுற ஆக்சுவேட்டரும் அளக்குற மைக்ரோமீட்டரோட ப்ரோமீதியஸ் லைப்ரரியும் சேத்து அந்தப் பக்கத்தைத் திறந்து விட்டா ஹிக்காரி நம்பருங்க தானா வருது. ஆக்டிவ் எத்தனை, பெண்டிங் எத்தனை, ஒருத்தர் கனெக்ஷனை எவ்ளோ நேரம் கையில வச்சிருந்தாரு, எல்லாம். அந்த ராத்திரி இது இருந்திருந்தா ஆக்டிவ் 10ல ஒட்டிக்கிட்டு நின்னிருக்கும், பெண்டிங் 190ன்னு ஏறிருக்கும், மூணு மணி நேரம் தேடுனதை மூணு நிமிஷத்துல பாத்திருப்போம். ஸ்பிரிங் இல்லாம தனி டாம்கேட்தான்னா ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரை ஜாவா ஏஜெண்டா மாட்டிக்கலாம், ரிமோட் போர்ட் தலைவலி கெடையாது.

ரெண்டு விஷயத்தைக் கண்டிப்பா பண்ணிடுங்க, நான் பண்ணாம விட்டு ஒரு வாரம் வீணாப் போச்சு. ஒண்ணு, டாம்கேட் த்ரெட் நம்பர் ஸ்பிரிங் பூட் 2.2லேர்ந்து டிஃபால்ட்டா வராது, எம்பீன் ரெஜிஸ்ட்ரிய ட்ரூன்னு போடணும். ரெண்டு, ரிக்வெஸ்ட் நேரத்துக்கு ஹிஸ்டோகிராமை (எத்தனை ரிக்வெஸ்ட் எவ்ளோ நேரத்துல முடிஞ்சதுன்னு பிரிச்சு எண்ணுறது) ஆன் பண்ணணும், இல்லன்னா இங்கயும் மொத்தம், எண்ணிக்கை, அதிகபட்சம்னு அதே மூணுதான் வரும், 95ஆவது பெர்சண்டைலை (நூத்துல 95 பேருக்கு இதுக்குள்ள முடிஞ்சதுங்கிற நேரம்) போடவே முடியாது, அழகா கிராஃபானா வச்சுக்கிட்டு திரும்பவும் சராசரியைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

எடம் எவ்ளோ வேணும்னு எல்லாரும் பயப்படுவாங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சர்வருக்கு 2,000 சீரிஸ் (தனித்தனியா பதியுற நம்பர் வரிசை)னு வச்சுக்கோங்க, நாலு சர்வருக்கு 8,000, 15 விநாடிக்கு ஒரு தடவைன்னா ஒரு நாளைக்கு ஒரு சீரிஸுக்கு 5,760 சாம்பிள், மொத்தம் நாலரைக் கோடிக்குக் கொஞ்சம் மேல, ஒரு சாம்பிள் அழுத்துனதுக்கப்புறம் ஒண்ணு ரெண்டு பைட்தான், ஆக ஒரு நாளைக்கு 70 எம்பி போல. ஒரு வருஷத்துக்கே 26 ஜிபிக்குள்ள அடங்கிடும். ஆனா டிஃபால்ட்டா 15 நாளைக்குத்தான் வச்சிருக்கும், அப்புறம் அழிச்சிடும், எங்க வியாபாரத்துல போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் பக்கத்துல வச்சுப் பாக்கலன்னா எந்தப் பிரயோஜனமும் இல்ல. ஸாபிக்ஸ் ட்ரெண்டை (பழைய நம்பரோட சுருக்கத்தை) டிஃபால்ட்டா 365 நாள் வைக்கும், அது கூட எப்பவும் பத்தாது, 2025ல தீபாவளி அக்டோபர் 20, 2026ல நவம்பர் 8, நடுவுல 384 நாள். நாங்க 400 நாள்னு போட்டுட்டோம்.

இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. டீம்ல ஒரு தம்பி ஆர்வத்துல ஆர்டர் நம்பரை லேபிளா (நம்பருங்களைப் பிரிச்சுக் காட்டுற அடையாளம்) போட்டுட்டான், ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு புது சீரிஸ், ரெண்டு நாள்ல ப்ரோமீதியஸ் மெமரி தின்னு விழுந்துடுச்சு. கடை பேரு போடலாம், பேமெண்ட் வகை போடலாம், முடிவே இல்லாம பெருகிப் போற எதையும் லேபிளாப் போடக் கூடாது. அப்புறம் ப்ரோமீதியஸை அதே மெஷின்ல வைக்காதீங்க, வீடு எரியும்போது மணியும் சேந்து எரிஞ்சுடும்.

மூணாவது வழி காசு குடுத்து வாங்குறது, நியூ ரெலிக், டேட்டாடாக் மாதிரி. நேர்மையா சொல்றேன், அந்த ராத்திரி கேள்விக்கு ரொம்பத் தெளிவான பதில் இதுலதான் கிடைச்சிருக்கும். ஒரு ஜார் ஃபைலை ஜாவா ஏஜெண்டா மாட்டினா போதும், கோடுல கைய வைக்க வேணாம், அதுவே உள்ள நுழைஞ்சு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் எங்க எவ்ளோ நேரம் செலவழிச்சதுன்னு கோடு போட்டுக் காட்டும். எட்டு விநாடில ஏழே முக்கால் வெளிய போன கால்லன்னு பளிச்சுன்னு தெரியும். ப்ரோமீதியஸ் பூல் நிறைஞ்சதைச் சொல்லும், யாரால நிறைஞ்சதுன்னு சொல்றது இதுதான். சர்வரைப் பாத்துக்க ஆளே இல்லாத ரெண்டு பேர் கம்பெனின்னா யோசிக்காம இதை எடுங்க, நியூ ரெலிக்ல மாசம் 100 ஜிபி டேட்டாவும் முழு வசதியோட ஒரு ஆளும் இலவசம், சின்ன சிஸ்டத்துக்கு அது தாராளம்.

எங்களுக்கு ஒத்து வராததுக்கு ரெண்டு காரணம். பில் டாலர்ல வரும், டேட்டாடாக்ல ஹோஸ்ட் (சர்வர்) கணக்கு, ரிக்வெஸ்ட்டை உள்ள போய்ப் பாக்குற ஏபிஎம்முக்குத் தனிக் காசு, தீபாவளிக்காக நாலு சர்வரைப் பத்தாக்குனா பில்லும் கூடவே ஏறும். ரிங்கிட் 2024 பிப்ரவரில ஒரு டாலருக்கு 4.80 கிட்ட போச்சு, அதே வருஷம் செப்டம்பர் கடைசில 4.12 கிட்ட வந்துச்சு, 300 டாலர் பில் ஒண்ணு 1,440 ரிங்கிட்டா 1,236 ரிங்கிட்டான்னு நம்ம கையில இல்ல, மொதலாளிகிட்ட வருஷ பட்ஜெட் சொல்றப்ப இது கஷ்டம் லா. அடுத்தது இன்னும் பெருசு. எங்க பழைய லிங்க் ஒண்ணுல கஸ்டமரோட ஃபோன் நம்பர் யூஆர்எல்லயே போகுது, ஏஜெண்ட் அதையும் பொறுக்கி வெளிநாட்டு சர்வருக்கு அனுப்பிடலாம். மலேசியாவோட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010லேர்ந்து இருக்கு, 2024ல திருத்தி டேட்டா கசிஞ்சா தெரியப்படுத்தியாகணும்னு கொண்டு வந்துட்டாங்க. மறைக்கிறதுக்கு செட்டிங் எல்லாம் இருக்கு, ஆனா மாட்டுற அன்னைக்கே உக்காந்து பண்ணணும். ட்ரேஸும் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் எங்கெங்க போச்சுங்கிற கோடு) வேணும், டேட்டாவும் நம்மகிட்டயே இருக்கணும்னா ஓப்பன் டெலிமெட்ரிங்கிற ஓப்பன் சோர்ஸ் ஏஜெண்ட்டை மாட்டி ஜேகர்ங்கிற ட்ரேஸ் டூல்ல வாங்கிக்கலாம், அதுவும் கோடை மாத்தாமலே ஓடும், நாங்க அடுத்து அதைத்தான் போடப் போறோம்.

கடைசியா ஒண்ணு, இதைப் பத்தி நம்ம ஆளுங்க பேசவே மாட்டாங்க, ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டர். ஜாவா 11லேர்ந்து ஓப்பன் சோர்ஸ், ஜாவா 8லயும் அப்டேட் 262லேர்ந்து இருக்கு. விமானத்துல கருப்புப் பெட்டி மாதிரி, ஆன் பண்ணிட்டா ஜாவாவை ஓட்டுற இன்ஜினான ஜேவிஎம்முக்குள்ளயே எப்பவும் ஓடிக்கிட்டு இருக்கும், டிஃபால்ட் செட்டிங்ல சுமை ஒரு சதவீதம் கிட்டத்தான். கடைசி ஆறு மணி நேரத்தை வச்சிருன்னு சொல்லிட்டா பிரச்சினை நடந்தப்புறம் ஒரே கமாண்டுல டம்ப் எடுத்து மிஷன் கண்ட்ரோல்ங்கிற புரோகிராம்ல திறந்து பாக்கலாம். ரொம்ப நேரம் இழுக்குற சாக்கெட் ரீடை (வெளி சர்வரோட பதிலுக்குக் காத்திருக்கிறது) ஹோஸ்ட் பேரோட எழுதி வச்சிருக்கும், அன்னைக்கு எடுத்திருந்தா அந்த பேமெண்ட் சர்வர் பேரே வரிசையா எட்டு விநாடி, எட்டு விநாடின்னு நின்னிருக்கும். இது அலர்ட் அடிக்காது, கிராஃப் வச்சுக் காத்துக்கிட்டு இருக்காது, அதனால மத்த மூணுக்குப் பதில் ஆகாது, ஆனா காசு இல்ல, சர்வர் வேணாம், ஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்ட்ல ஒரே வரி. எந்த வழில போனாலும் இதை இன்னைக்கே ஆன் பண்ணிடுங்க, கெஞ்சிக் கேக்குறேன்.

இப்ப எங்ககிட்ட ஓடுறது: மெஷினுக்கும் நெட்வொர்க்குக்கும் பழைய ஸாபிக்ஸ் அப்படியே இருக்கு, அப்ளிகேஷனுக்கு ப்ரோமீதியஸ், கிராஃபானா, ஒவ்வொரு ஜேவிஎம்லயும் ஃப்ளைட் ரெக்கார்டர். பேமெண்ட் கால் டிரான்சாக்ஷனுக்கு வெளிய போயிடுச்சு, அதுக்கு மூணு விநாடி டைம்அவுட்டும் போட்டாச்சு. ராத்திரி ஆளை எழுப்புற அலர்ட் மூணே மூணு வச்சிருக்கோம்: பெண்டிங் ஒரு நிமிஷமா பூஜ்ஜியத்துக்கு மேலயே இருந்தா, பிஸி த்ரெட் 160ஐ ரெண்டு நிமிஷம் தாண்டி நின்னா, ஆர்டர் பக்கத்தோட 95ஆவது பெர்சண்டைல் அஞ்சு நிமிஷம் ரெண்டு விநாடிக்கு மேல இருந்தா. சிபியு அலர்ட்டை டெலிகிராம்லேர்ந்து எடுத்துட்டோம், அது காலைல மெயில்ல வந்தாப் போதும். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பெண்டிங் அலர்ட் அடிச்சுது, ரிப்போர்ட் ஒண்ணு கனெக்ஷனைப் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சு, நிறுத்திட்டு மஸ்ஜித் இந்தியா அக்காவுக்குக் கூப்ட்டு எதுவும் மாட்டுதான்னு கேட்டேன். "இல்லையே தம்பி, நல்லாத்தானே போகுது"ன்னாங்க.