உறைக்கு எது நல்லது: கடைத் தயிரா, பாக்கெட் தூளா, வீட்டிலேயே தொடர்ந்து வரும் தயிரா?

தயிர் போடுகிறவர்கள் பாலைப் பற்றி நிறையப் பேசுவார்கள், பாத்திரத்தைப் பற்றியும் பேசுவார்கள். உறை விஷயத்தில் மட்டும் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுவார்கள். தயிர் எவ்வளவு புளிக்கும், என்ன மணம் வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் உறையில்தான் இருக்கிறது. மூன்று வகையையும் பயன்படுத்திவிட்டு, போன முறை போட்ட தயிரிலிருந்தே அடுத்ததற்கு உறை எடுக்கும் வழக்கத்தில் நிலைத்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூன்றுக்கும் பால் வேலை ஒன்றுதான். பாலை 85 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் சூடாக்கிச் சிறிது நேரம் அதே சூட்டில் வைத்தால், அதிலுள்ள வே (whey) புரதங்கள் குலைந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் கட்டியாக நிற்கும், நீரும் குறைவாகப் பிரியும். பிறகு 43, 45 டிகிரிக்கு ஆறவிட்டு உறை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கடைத் தயிரை உறையாகப் போடுவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். சர்க்கரை, பழம் சேர்க்காததாக, உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதாக வாங்கினால் போதும். புளித்த பிறகு மறுபடி சூடாக்கி விற்கும் தயிர் உறைக்கு உதவாது. மாவுப்பொருளோ ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டியாக்கியிருந்தால், அந்தக் கெட்டித்தன்மை நம் தயிருக்கு வராது. முதல் முறை நன்றாகவே உறையும். அதையே தொடர்ந்து உறையாக்கிக்கொண்டு போனால் சில சுற்றுகளில் சோர்ந்துவிடும். ஆலைகள் ஒவ்வொரு முறையும் ஒரே சுவை வர வேண்டும் என்று தேர்ந்தெடுத்த சில நுண்ணுயிர் ரகங்களை மட்டும் பயன்படுத்துகின்றன. நுண்ணுயிர்களைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. பல ரகங்கள் கலந்திருந்தால் ஒன்று அழிந்தாலும் இன்னொன்று அந்த வேலையைப் பார்க்கும். சில ரகங்களே இருந்தால் மொத்தமாக அடிபட்டுவிடும். எனக்குக் கடைத் தயிர் அவசரத்துக்கு மட்டும்தான்.

பனிக்கட்டியாக உறையவைத்து உலர்த்திய பாக்கெட் தூளைப் பற்றி அளவோடுதான் பேச முடியும், அதிகம் பயன்படுத்தியதில்லை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டியது. மற்றது ஒருமுறை தொடங்கித் தொடர்ந்து எடுத்துக்கொள்ளக்கூடியது. உலர்ந்த நுண்ணுயிர்கள் விழித்து வேலையைத் தொடங்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் தூள் போட்ட முதல் சுற்று தாமதமாக உறையும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் தயிர் போடுகிறவருக்கு இதுதான் சரி. ஃப்ரீசரில் பேசாமல் கிடக்கும், யாரும் கவனிக்க வேண்டியதில்லை.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பராமரிப்பில்தான் வந்து நிற்கிறது. வீட்டுத் தயிரைத் தொடர்வது கஷ்டம் என்கிறார்கள். கஷ்டமில்லை, ஒழுங்கு வேண்டும், அவ்வளவே. அந்த ஒழுங்கு ஏன் என்று புரிந்துவிட்டால் அப்புறம் அது வேலையாகவே தெரியாது.

தயிரில் முக்கியமாக உழைக்கும் நுண்ணுயிர்கள் இரண்டு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். இரண்டாவதை 1905இல் கண்டறிந்தவர் பல்கேரியரான ஸ்டாமென் கிரிகோரோவ். பல்கேரிகஸ் பால் புரதத்தை உடைத்துத் தருவதைக் கொண்டு தெர்மோஃபிலஸ் பெருகும். தெர்மோஃபிலஸ் வெளிவிடும் ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் பல்கேரிகஸை வளர்க்கும். முதலில் வேகமாகப் பெருகுவது தெர்மோஃபிலஸ். புளிப்பு ஏறியதும் அது தளர்ந்துவிட, பல்கேரிகஸ் மேலும் மேலும் புளிக்கவைத்துக்கொண்டே போகும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாலும் மெதுவாக அது நடக்கும். நன்கு புளித்துப்போன பழைய தயிரையே உறையாக எடுத்தால், இந்தச் சமநிலை சாய்ந்த நிலையில்தான் அடுத்த சுற்று தொடங்குகிறது. 'எங்கள் தயிர் நாளுக்கு நாள் புளிப்பாகிறது' என்று சொல்பவர்கள் முதலில் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

அதனால் நான் செய்வது இது. தயிர் உறைந்து குளிர்ந்ததும், யாரும் கரண்டி போடுவதற்கு முன்பே, ஈரமில்லாத சிறிய மூடிப் பாத்திரத்தில் உறைக்கென்று எடுத்து வைத்துவிடுவேன். சாப்பிடும் தயிர் வேறு, உறைத் தயிர் வேறு. சாப்பிடும் பாத்திரத்தில் போகிற வருகிற கரண்டியெல்லாம் வேறு நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். எடுத்து வைத்ததை ஒரு வாரத்துக்குள் அடுத்த பாலில் சேர்த்துவிட வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தாராளம். சீக்கிரம் உறையட்டும் என்று அள்ளிப் போட்டால் அமிலம் வேகமாக ஏறித் தயிர் மணல்மணலாகிவிடும், நீரும் விட்டுக்கொள்ளும். உறைந்ததும் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். சமையலுக்குப் புளித்த தயிர் வேண்டுமா? உறைக்கு எடுத்த பிறகு மீதியை வேண்டிய புளிப்பு வரும்வரை புளிக்க விடலாம்.

ஊருக்குப் போனால் என்ன செய்வது? ஐஸ் தட்டில் உறைத் தயிரைக் கட்டிகளாக உறையவைத்துப் பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடலாம். நுண்ணுயிர்களில் ஒரு பகுதி செத்தாலும் மிச்சம் பிழைத்திருக்கும். திரும்பி வந்து அதைப் போட்டால் முதல் சுற்று மந்தமாகத்தான் உறையும், அடுத்த சுற்றில் பழைய வேகம் திரும்பிவிடும். இந்தக் கட்டிகள் இருக்கும்வரை 'தொடர்ச்சி அறுந்துவிடுமே' என்ற கவலை இல்லை. தூளின் பெரிய வசதி என்று சொல்வதில் பாதி இப்படியே கிடைத்துவிடுகிறது.

இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத் திட்டோ, பூஞ்சணமோ, கெட்ட வாடையோ தெரிந்தால் தயங்காமல் உறையோடு சேர்த்துக் கொட்டிவிட வேண்டும். மேலாக வழித்துவிட்டு மீதியைக் காப்பாற்றப் பார்க்கக் கூடாது. லேசாக இழுபடும் கொழகொழப்பு சில நல்ல ரகங்களுக்கே உள்ள குணம். இதுவரை இல்லாமல் திடீரென்று, அதுவும் வாடையோடு சேர்ந்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர், வீட்டில் நீண்ட நாளாகத் தயிரைத் தொடர்ந்து வருகிற யாரிடமாவது ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், தொடரக்கூடிய வகைத் தூளை ஒருமுறை வாங்கித் தொடங்கலாம். முதல் தயிரிலிருந்தே உறைக்குத் தனியாக எடுத்து வையுங்கள், இரண்டு கட்டி ஃப்ரீசரிலும் போடுங்கள்.