ஆஸ்கரா, டிஸ்கஸா, ஏஞ்சலா?

தொட்டியில் வளர்க்கும் அழகு மீன்களில் டிஸ்கஸ் என்றாலே பலர் தயங்குவார்கள். ஆஸ்கர் என்றால், 'முரட்டு மீன், எதையும் தாங்கும்' என்று தைரியமாக வாங்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால், இவையெல்லாம் அடங்கிய சிக்லிட் குடும்பத்துத் தென் அமெரிக்க மீன்களில் யோசிக்காமல் வாங்கி அவதிப்பட வைப்பது ஆஸ்கர்தான். விற்கும்போது விரல் நீளம்தான் இருக்கும். ஓராண்டுக்குள் ஒரு சாண் நீளத்தை எட்டிவிடும். முழு வளர்ச்சியில் 30 செ.மீ. ஒற்றை மீனுக்கே நாலடித் தொட்டியும் ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீரும் வேண்டும். பத்தாண்டுக்கு மேலும் வாழும்.

அது தின்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பெல்லட் எனும் உருண்டைத் தீனியைக் கவ்வி, தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடையால் நொறுக்கும்போது செவுள் வழியாகத் தூள் கொட்டும். அது அழுகினால் மீனுக்கு நஞ்சான அம்மோனியா. சின்ன ஃபில்டர் இதற்குத் தாங்காது. செடி நட்டால் பிடுங்கிப் போடும், ஹீட்டரை முட்டித் தள்ளும். ஆனாலும் ஆளை அடையாளம் கண்டு கண்ணாடியோரம் ஓடிவரும் குணத்துக்காகவே இதை விடமாட்டார்கள். இடம் மாற்றினால் ஒருக்களித்துப் படுத்துக் கோபித்துக்கொள்ளும். செத்துவிட்டதென்று பதற வேண்டாம். உயிருள்ள கோல்டுஃபிஷைத் தீனியாகப் போடாதீர்கள். நோய் ஒட்டும் என்பது ஒருபுறம், அதிலுள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐயும் சிதைத்துவிடும்.

டிஸ்கஸின் சிரமம் வேறு வகை. 28 முதல் 30 டிகிரி வரை சூடு, அடிக்கடி தண்ணீர் மாற்றம், ஐந்தாறு மீன்களாவது சேர்ந்த கூட்டம். தனியாக விட்டால் மூலையில் கருத்துப்போய் நிற்கும், தீனி எடுக்காது. தண்ணீரின் அமில-கார அளவான pH-ஐ நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த டிஸ்கஸ் நடுநிலைத் தண்ணீருக்குப் பழகிவிடும். முட்டை பொரிக்க வைக்கும்போதுதான் உப்புகள் குறைந்த மென்னீர் தேவை. குஞ்சுகள் தாய் தகப்பன் தோலில் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்று வளரும். கொத்து பொறுக்காமல் பெற்றோரில் ஒன்று சட்டென்று விலகும். அத்தனை குஞ்சுகளும் அடுத்ததன் மேல் போய் ஒட்டும். அதைப் பார்ப்பதற்காகவே வாரம் முழுக்க வாளி தூக்கலாம்.

அதற்கு நேரமில்லாதவர்களுக்கு என் சிபாரிசு ஏஞ்சல். 24 முதல் 28 டிகிரி போதும், செடிகளைப் பெரும்பாலும் தொடாது. தொட்டியின் நீளத்தைவிட உயரத்தைப் பாருங்கள், 45 செ.மீ.க்குக் குறைந்தால் துடுப்பு மடங்கும். நியான் டெட்ரா என்ற குட்டி மீனோடு சின்னதில் நட்பாக இருக்கும், வளர்ந்ததும் விழுங்கிவிடும். ஜோடி சேர்ந்துவிட்டால் மற்ற ஏஞ்சல்களுக்கு மூலைதான் மிச்சம்.

இரண்டடித் தொட்டிதான் இருக்கிறதென்றால் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கத்துக் குட்டி சிக்லிட்டான ராம் ஒரு ஜோடி வைக்கலாம். 5 செ.மீ. அழகு, ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். புதிதாக நிரப்பிய தொட்டியில் மட்டும் விடாதீர்கள். மீன் கழிவு சிதைவதில் உண்டாகும் நஞ்சான நைட்ரைட் ஏறினால் முதலில் சாவது அதுதான்.