20,000 ரூபாய்க்குப் புது லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு 20,000 ரூபாய்க்குள் லேப்டாப் தேடுபவர்களுக்கு இரண்டு வழிகள்: கடையில் பளபளக்கும் மலிவான புதியது, அல்லது ஏதோ நிறுவனம் பயன்படுத்திக் கழித்துவிட்ட லெனோவோவின் திங்க்பேட் டி480 போன்ற பழைய லேப்டாப்.

இந்த விலையில் கிடைக்கும் புதியவற்றில் பல, இன்டெலின் மலிவுவிலை செலரான் என்4020 செயலியும் 4 ஜிபி ராமும் 64 ஜிபி இஎம்எம்சி (மலிவான சேமிப்புச் சில்லு) சேமிப்பும் கொண்டவை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்புதான். ஆக, பெட்டியைப் பிரிக்கும்போதே மூச்சு முட்டுகிறது. பிறகு அப்டேட் இறங்க இடமில்லாமல் ஒவ்வொரு கோப்பாக அழிக்க வேண்டும். இஎம்எம்சி மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, மாற்ற வழியில்லை. படிக்கிற பிள்ளையின் கையில் இதைக் கொடுப்பது எனக்குக் கோபமூட்டுகிறது.

2018இல் வந்த டி480இல் இன்டெல் ஐ5-8250யு செயலி இருந்தால் 4 கோர்கள் (செயலிக்குள் வேலை செய்யும் தனித்தனி அலகுகள்), என்4020இல் இரண்டுதான். அடிமூடியைத் திறந்தால் இரண்டு ராம் இடங்கள், கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி சேமிப்பு. விசைப்பலகையும் விரலுக்கு இதமானது. இன்டெல் 7ஆம் தலைமுறைச் செயலி மட்டும் வேண்டாம்; அவற்றுக்குப் பொதுவாக விண்டோஸ் 11 ஆதரவு இல்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

புதியதற்கு ஓராண்டு உத்தரவாதமும் தேயாத பேட்டரியும் உண்டு. இணையமும் மின்னஞ்சலும் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு என் பரிந்துரை பழையதே. பணம் கொடுக்கும் முன் விண்டோஸின் பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் முழு சார்ஜ் கொள்ளளவு, பேட்டரி வடிவமைக்கப்பட்ட கொள்ளளவில் பாதிக்கும் கீழ் இருந்தால், புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.