"டிரைவருக்கு பேட்ஜ் இல்லை" என்று சொல்லிக் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்

விபத்தில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்று ஓர் ஆள் வருவார். எங்களிடம் வந்தவர் வண்டி ஓனருக்கு வேண்டியவர். எக்ஸ்எல்லில் போன அப்பாவைப் பின்னாலிருந்து இடித்தது ஒரு சின்ன யானை. தொடை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருந்தார்கள்.

"தம்பி, டிரைவர்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு, பேட்ஜ் இல்ல. கோர்ட்டுக்குப் போனா இன்ஷூரன்ஸ்ல பத்து பைசா வராது. ஐம்பதாயிரம் வாங்கித் தர்றேன், ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க." பேச்செல்லாம் அன்பாகத்தான். கையில் ஆப்பிள் பை வேறு.

பேட்ஜ் என்பது வாடகை, சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸோடு தனியாக வாங்கும் அனுமதி. அது இல்லாவிட்டால் பணம் வராது என்று அவர் சொன்னது சுத்தப் புளுகு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே, அதாவது கார் ஓட்டும் லைசென்ஸே, போதும் என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதியும் செய்தது. (அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி வேறு கதை.) சின்ன யானை அந்த எடைக்குப் பக்கத்தில்கூட வராது.

லைசென்ஸ் போலியாகவோ காலாவதியாகவோ இருந்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனி எளிதில் கழன்றுகொள்ள முடியாது. ஓனர் தெரிந்தோ அலட்சியமாகவோ அந்த ஆளிடம் வண்டியைக் கொடுத்தார் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். இது 2004 ஸ்வரண் சிங் வழக்குத் தீர்ப்பு. நிரூபித்தாலும், 'அடிபட்டவருக்கு முதலில் கொடு, பிறகு ஓனரிடம் வசூல் பண்ணிக்கொள்' என்று உத்தரவு போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அந்த வசூலுக்குப் பயந்துதான் எங்களிடம் ஆள் அனுப்பினார்கள் என்பது என் கணிப்பு.

நாங்கள் தயங்கியதும் 'அடுத்த வாரம் தொகையைக் கூட்டிக் கேட்கிறேன்' என்று இழுக்க ஆரம்பித்தார். அந்த இழுவைதான் ஆபத்து. 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கெடு முடியும் தறுவாயில்தான் நாங்கள் எம்.சி.ஓ.பி. (அந்த இழப்பீட்டு மனு) போட்டோம்.

இதெல்லாம் இடித்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால்தான். எஃப்.ஐ.ஆர். நகலில் உள்ள வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும்.

கம்பெனி தாக்கல் செய்த கவுண்டரிலும் (பதில் மனுவிலும்) அதே 'பேட்ஜ் இல்லை' பல்லவிதான், 2024 தீர்ப்பு வந்த பிறகும்! அடுத்த வாய்தாவில் எங்கள் வக்கீல் அந்தத் தீர்ப்பின் நகலைத் தாக்கல் செய்கிறார்.